முதல் நிறுத்தமும் பத்தாவது நிறுத்தமும்: ஹாட் ஹேட்ச் காரில் பிரேக்கை மாற்றினால் உண்மையில் எது மாறுகிறது?

அன்றாடக் குடும்பக் காரின் உடலுக்குள் வலுவான இன்ஜினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் வைத்துச் செய்த சிறிய கார்தான் ஹாட் ஹேட்ச். அதை வாங்கியவர்கள் இன்ஜினுக்கு அடுத்தபடியாகக் கைவைக்க விரும்பும் இடம் பிரேக். பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), சிவப்புக் காலிப்பர் (அந்தத் தட்டைக் கவ்வும் பிடி), துளையிட்ட தட்டு என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தால் நிற்கும் தூரம் பழையபடியே இருக்கிறது. சிலருக்கு ஓரிரு மீட்டர் கூடியும் விடுகிறது. ஆனால் அதே கார் நீண்ட மலைச்சாலையில் இறங்கும்போதோ பந்தயத் தடத்தில் சுற்றும்போதோ முற்றிலும் வேறு காராக நடந்துகொள்கிறது. முன்பு சில நிமிடங்களிலேயே தொய்ந்துபோன பெடல் இப்போது கல்லைப் போல நிற்கிறது.

இரண்டு அனுபவமும் உண்மைதான். "பிரேக் நன்றாகப் பிடிக்கிறது" என்று நாம் சொல்லும்போது மூன்று வெவ்வேறு குணங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குழப்பத்தின் வேர் அதுதான்.

1. நிற்கும் தூரம்: ஒருமுறை முழு வேகத்திலிருந்து நிறுத்த எத்தனை மீட்டர் வேண்டும் என்பது.
2. தாக்குப்பிடிக்கும் திறன்: பத்தாவது முறையும் அதே தூரத்தில் நிற்குமா என்பது.
3. பெடல் உணர்வு: கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பிரேக் கிடைக்கிறதா, அது முன்கூட்டியே கணிக்கும்படி இருக்கிறதா என்பது.

இந்த மூன்றையும் தீர்மானிக்கும் பாகங்கள் வேறு வேறு. ஒன்றுக்காக வாங்கியது மற்றொன்றைத் தரும் என்று எதிர்பார்ப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

பிரேக் செய்யும் வேலை: வேகத்தை வெப்பமாக்குவது

ஓடும் காரிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. எடையைப் பாதியாக்கி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அது சுமார் 500 கிலோஜூல். வேகம் 140 ஆனால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. 200 ஆனால் நான்கு மடங்கு. வேகமானி 40 சதவீதம் ஏறியதாகக் காட்டும் இடத்தில் பிரேக்கின் சுமை இரண்டு மடங்காகியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாக விளங்கும்.

இந்த ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. காலிப்பருக்குள் இருக்கும் உராய்வுப் பட்டையான பேடும் டிஸ்க்கும் உரசும் இடத்தில் வெப்பமாகிறது. அதுவும் மிகக் குறைந்த நேரத்தில். 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுப் பிடிப்புடன் நிறுத்த மூன்று விநாடிக்கும் குறைவாகவே ஆகும். பிரேக் பிடித்த முதல் கணத்தில் அந்தக் காரின் பிரேக்குகள் விழுங்கும் திறன் சுமார் 350 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 480 குதிரைத்திறன். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ காரின் பெர்ஃபார்மன்ஸ் பதிப்பில் இன்ஜின் தருவது 230 குதிரைத்திறன். எந்தச் சாதாரண ஹாட் ஹேட்ச்சிலும் மிக வலிமையான இயந்திரம் பானெட்டுக்கு அடியில் இல்லை, சக்கரங்களுக்குள் இருக்கிறது.

1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறனும் சுமார் 810 கிலோ எடையும் கொண்டது. முன்பக்கம் 239 மி.மீ. டிஸ்க், பின்பக்கம் டிரம். 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் 320 குதிரைத்திறன் கொண்டது. எடை 1,400 கிலோவை நெருங்குகிறது. முன் டிஸ்க்கின் விட்டம் 350 மி.மீ. நாற்பது ஆண்டுகளில் டிஸ்க் இவ்வளவு வளர்ந்தது அழகுக்காக அல்ல. சேமித்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் அத்தனை மடங்கு கூடிவிட்டது.

காரை நிறுத்துவது டயர்

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் தடங்கள் எவ்வளவு பிடிக்குமோ அதற்கு மேல் உலகின் எந்தக் காலிப்பராலும் காரை இழுத்து நிறுத்த முடியாது.

காய்ந்த தாரில் நல்ல டயரின் உராய்வுக் கெழு ஒன்றை ஒட்டியிருக்கும். அப்படியானால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 39 மீட்டர் ஆகும். சற்று மேம்பட்ட டயர் அதை 36 ஆக்கும். டிஸ்க் 312 மி.மீ. ஆனாலும் 380 மி.மீ. ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏனென்றால் கணக்கில் டிஸ்க்கே இல்லை. வேகமும் பிடிப்பும் மட்டுமே இருக்கின்றன.

உங்கள் காரின் தற்போதைய பிரேக் போதுமான வலிமை உடையதா என்பதை அறிய ஒரு எளிய அடையாளம் உண்டு. பிரேக் குளிர்ந்திருக்கும்போது, காய்ந்த சாலையில், முழுதாக மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இயங்கி பெடல் துடிக்கிறதா? துடித்தால், டயர் தாங்குவதைவிட அதிகமான விசையைப் பிரேக் ஏற்கெனவே தருகிறது என்று பொருள். அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தைப் பெரிய பிரேக் குறைக்காது. இன்று விற்பனையில் இருக்கும் எந்த ஹாட் ஹேட்ச்சும் இந்தச் சோதனையில் தேறும்.

டயரால் கிடைக்கும் மூன்று நான்கு மீட்டரை அற்பம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு கார்கள் அருகருகே 100-இல் வந்து ஒரே புள்ளியில் பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 36 மீட்டரில் நிற்கிறது, மற்றொன்று 40 மீட்டரில். முதல் கார் நின்ற கோட்டை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 31 கி.மீ.-க்கு மேல் இருக்கும். நடந்து போகும் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், அவருக்கு இந்த நான்கு மீட்டர்தான் எல்லாம்.

மூக்கு கவிழும் கார்

பிரேக் பிடித்ததும் காரின் எடை முன்னால் சாய்கிறது. முன்னமே முன்பக்கம் கனமான ஹாட் ஹேட்ச்சில் இது இன்னும் கடுமை. 1,300 கிலோ காரில் 62 சதவீதம் முன் அச்சில் இருக்கிறது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர் இடைவெளி என்று கொள்வோம். முழுப் பிடிப்பில் நிறுத்தும்போது 275 கிலோ பின்னாலிருந்து முன்னால் நகரும். முன் டயர்கள் எடையில் 83 சதவீதத்தைச் சுமக்கும். பின் டயர்களுக்கு மிஞ்சுவது 17 சதவீதம்.

அதனால்தான் பின்பிரேக் சிறியதாக இருக்கிறது. வேலையில் ஐந்தில் நான்கு பங்கை முன்சக்கரங்கள் செய்கின்றன. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டால் கார் நேர்கோட்டில் நிற்காமல் சுழன்றுவிடும். அதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் முன்பக்கத்துக்குச் சாதகமாகவே விகிதத்தை வைக்கிறார்கள். ஏபிஎஸ் அமைப்பிலுள்ள மின்னணுப் பங்கீடு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. காலிப்பர் மாற்றும்போது இந்த விகிதம்தான் முதலில் பலியாகிறது.

பெடலிலிருந்து பேட் வரை

காலின் விசை டிஸ்க்கை எட்டும் வழியை எண்களோடு பின்தொடர்வது பயன் தரும். கீழே உள்ளவை ஒரு மாதிரிக் காருக்கான தோராயமான அளவுகள்.

1. கால் 20 கிலோ அளவுக்கு அழுத்துகிறது. பெடல் நெம்புகோலாக இருந்து அதை நான்கு மடங்காக்குகிறது.
2. பூஸ்டர் வெற்றிடத்தின் உதவியால் மேலும் நான்கைந்து மடங்கு கூட்டுகிறது.
3. 22 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் அது பிரேக் ஆயிலின் 90 பார் அழுத்தமாகிறது.
4. காலிப்பரின் 57 மி.மீ. பிஸ்டன் அந்த அழுத்தத்தை 2 டன்னுக்கு மேற்பட்ட இறுக்கும் விசையாக மாற்றுகிறது.
5. இரு பேடுகளும் டிஸ்க்கின் இரு முகத்தையும் பிடிக்கின்றன. விசை, உராய்வுக் கெழு, மையத்திலிருந்து பேட் பிடிக்கும் தூரம் ஆகிய மூன்றின் பெருக்கமே சக்கரத்தை நிறுத்தும் திருப்புவிசை.

இந்தக் காரில் முன் டயர்களின் எல்லையைத் தொட 15 கிலோ மிதியே போதும். அதற்கு மேல் ஏபிஎஸ் குறுக்கிடும்.

இப்போது நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பார்ப்போம். ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரைவிட இது நான்கு மடங்கு பிடிக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நகரும் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும்போது, எதிர்விசையால் காலிப்பரின் உடலே நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்துகிறது. ஒரு பிஸ்டன் இரு பக்கத்துக்கும் உழைக்கிறது. நிலையான காலிப்பரில் இருபுறமும் பிஸ்டன் இருப்பதால் ஒரு பக்கத்துப் பரப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். 57 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு 2,550 சதுர மி.மீ. நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கம் 38, 42 மி.மீ. என இரண்டு இருந்தால் மொத்தம் 2,520. இறுக்கும் விசை ஏறத்தாழ ஒன்றேதான்.

அப்படியென்றால் நான்கு பிஸ்டனால் என்ன லாபம்? நீளமான பெரிய பேடைச் சீராக அழுத்துகிறது. ஒருபக்கமாகத் தேயாமல் காக்கிறது. காலிப்பரின் உடல் விரிந்து கொடுப்பது குறைவு. பேடின் கன அளவு கூடுவதால் வெப்பம் பரவ இடம் கிடைக்கிறது. இவை இரண்டாவது, மூன்றாவது குணங்களுக்கான லாபங்கள். முதலாவதற்கு அல்ல.

வெப்பம் எப்படிப் பிரேக்கைத் தோற்கடிக்கிறது

எட்டு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். 100-லிருந்து ஒருமுறை நிறுத்தினால் ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 50 டிகிரிக்குச் சற்று மேல் சூடேறும். 200-லிருந்து நிறுத்தினால் 220 டிகிரி. தடத்தில் 180-லிருந்து 80-க்குக் குறைக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் 140 டிகிரி சேரும். அடுத்த திருப்பத்துக்குள் அது முழுவதும் ஆறுவதில்லை. மிச்சம் மிச்சமாகச் சேர்ந்து டிஸ்க் 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடுவது தடத்தில் வழக்கமான காட்சி.

அந்த நிலையில் பிரேக் தளர்வதை ஃபேட் என்கிறார்கள். அது மூன்று வகை. எது நடக்கிறது என்பதைப் பெடலே சொல்லிவிடும்.

1. பேட் தளர்வு: பெடல் உறுதியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது, இன்னும் இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். பேடின் பிணைப்புப் பிசின் தாங்கும் வெப்பத்தைத் தாண்டியதால் உராய்வு விழுந்துவிட்டது.
2. பிரேக் ஆயில் தளர்வு: பெடல் பஞ்சு போல அமுங்கும், சில நேரம் தரையைத் தொடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகிவிட்டன. திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். கால் தரும் அழுத்தமெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். முன்னறிவிப்பு மிகக் குறைவு.
3. புதுப்பேட் தளர்வு: படிய வைக்காத புதிய பேடை முதல்முறை கடுமையாகச் சூடாக்கும்போது அதிலிருந்து வாயு வெளியேறி உராய்வு சட்டென்று குறைகிறது.

இரண்டாவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் என்று அழைத்தாலும் வழக்கமான வகைகள் எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகைச் சேர்மங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு கொண்டவை. அது ஒரு வகையில் நன்மை: உள்ளே வந்த நீர் ஒரே இடத்தில் தேங்கித் துருப்பிடிக்கவோ நூறு டிகிரியில் கொதிக்கவோ விடாமல் கலைத்துவிடுகிறது. விலை என்னவென்றால் கொதிநிலை ஆண்டுக்காண்டு இறங்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டாட் தரத்தில் குறைந்தபட்சக் கொதிநிலைகள் (செல்சியஸில்) இவை:

டாட் 3: புதிதாக 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140.
டாட் 4: புதிதாக 230, ஈரம் ஏறியபின் 155.
டாட் 5.1: புதிதாக 260, ஈரம் ஏறியபின் 180.

ஈரம் ஏறியது என்பது 3.7 சதவீத நீர் கலந்த நிலை. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, 5.1-உடன் பெயரளவில்தான் ஒற்றுமை. இரண்டையும் கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள காரில் டாட் 5 ஊற்றவும் கூடாது. நான்கு வருடமாக மாற்றாத டாட் 4 ஆயிலோடு தடத்துக்குப் போகும் காரில் எத்தனை பெரிய காலிப்பர் இருந்தாலும் அதன் பலவீனம் அந்தத் திரவத்திலேயே இருக்கிறது.

ஆயில் ஓடும்போது மட்டுமல்ல, நின்ற பிறகும் கொதிக்கலாம். வேகமாகச் சுற்றிவிட்டு உடனே நிறுத்தினால் குளிர்விக்கும் காற்றோட்டம் நின்றுவிடும். டிஸ்க்கின் வெப்பம் பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் ஊறும். சிறிது நேரம் கழித்து வண்டியை எடுக்கும்போது பெடல் தரைக்குப் போகும். பிரேக் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்வது இதற்காகவே.

ஹாட் ஹேட்ச்சுக்கே உரிய கூடுதல் சுமை

முன்சக்கர இயக்கம் கொண்ட காரில் திருப்பத்திலிருந்து வெளியேறும்போது உள்பக்க முன்சக்கரம் சுழன்று வீணாகும். பல கார்களில் இதைத் தடுக்கும் பூட்டு கொண்ட இயந்திர டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுப்பு) கிடையாது. பதிலாக, ஃபோக்ஸ்வாகனின் எக்ஸ்டிஎஸ் போன்ற அமைப்புகள் உள்பக்க முன்பிரேக்கைத் தாமே லேசாகப் பிடித்து விசையை வெளிச்சக்கரத்துக்குத் திருப்புகின்றன. சாலையில் அருமையாக வேலை செய்யும் உத்தி இது. தடத்திலோ, திருப்பத்துக்கு முன் ஓட்டுநர் சூடாக்கிய அதே பிரேக்கைத் திருப்பத்துக்குப் பின் கணினி மீண்டும் சூடாக்குகிறது. பிரேக் ஆற வேண்டிய நேரத்தில் ஆறுவதில்லை. உங்கள் முன்பேடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரைந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

கோல்ஃப் ஜிடிஐ பெர்ஃபார்மன்ஸ் பதிப்பில் டிஸ்க்கை 312-லிருந்து 340 மி.மீ. ஆக்கியபோதே முன் அச்சுக்கு உண்மையான டிஃபரென்ஷியல் பூட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹூண்டாய் ஐ30 என் காரிலும் பெர்ஃபார்மன்ஸ் பதிப்புக்கு 330-க்குப் பதில் 345 மி.மீ. டிஸ்க்கும் மின்னணு டிஃபரென்ஷியலும் சேர்ந்தே வந்தன. இரண்டும் ஒரே வெப்பப் பிரச்சினையின் இரு முனைகள் என்பதால் இந்தச் சேர்க்கை பொருத்தமானது.

எதை முதலில் மாற்றுவது

வரிசை முக்கியம். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் குறை இருந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. டயர். நிற்கும் தூரத்தைக் குறைக்கும் ஒரே மாற்றம். நனைந்த சாலையில் நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் உள்ள இடைவெளி காய்ந்த சாலையில் உள்ளதைவிட இன்னும் அதிகம்.

2. பிரேக் ஆயில். மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பாதுகாப்பு. சாலையில் மட்டும் ஓடும் காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தடத்துக்குப் போகிறவர்கள் 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ஆயிலைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

3. பேட். ஹாட் ஹேட்ச்சின் குணத்தை மாற்றுவதில் இதற்கு இணை வேறில்லை. அதே சமயம் தவறான தேர்வுக்கு அதிக வாய்ப்புள்ள இடமும் இதுதான். ஒவ்வொரு பேட் கலவைக்கும் அது நன்றாகப் பிடிக்கும் வெப்ப எல்லை உண்டு. சாலைப் பேட் குளிரிலேயே பிடிக்கும், ஆனால் தட வெப்பத்தில் தளரும். பந்தயப் பேட் 600 டிகிரியிலும் கலங்காது. ஆனால் காலையில் முதல்முறை மிதிக்கும்போது, டிஸ்க் குளிர்ந்திருக்கும் நேரத்தில், சாலைப் பேடைவிட மோசமாகப் பிடிக்கக்கூடும். வீட்டு வாசலில் குறுக்கே ஓடிவரும் குழந்தை பிரேக் சூடாகும்வரை காத்திருக்காது. அன்றாடம் ஓட்டும் காரில் முழுப் பந்தயப் பேட் போடுவது தவறு என்று தயங்காமல் சொல்லலாம். சாலைக்கும் அவ்வப்போது தடத்துக்கும் ஏற்ற இடைப்பட்ட கலவைகள் கிடைக்கின்றன. கீச்சொலியும் கூடுதல் தூசியும் அவற்றோடு வரும்.

பேடின் ஓரத்தில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்க்கும் பழக்கம் நல்லது. முதல் எழுத்து இயல்பான வெப்பத்தில் உராய்வையும் இரண்டாவது சூடான நிலையில் உராய்வையும் குறிக்கும். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்திருந்தால் அந்தப் பேட் சூட்டில் தளர்கிறது என்று பொருள். ஐரோப்பியச் சந்தையில் விற்கும் மாற்றுப் பேடுகளுக்கு ஆர் 90 என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. அசல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருக்க வேண்டும் என்று அது கோருகிறது. முன்பின் விகிதம் குலையாமல் காப்பதே அதன் நோக்கம்.

4. எஃகுப் பின்னல் குழாய். ரப்பர்க் குழாய் அழுத்தத்தில் சற்று உப்பும், இது உப்பாது. பெடல் இறுகும், தூரம் குறையாது. பழைய குழாய் எப்படியும் மாற்றும் வயதுக்கு வந்திருந்தால் நல்ல தேர்வு.

பெடல் உணர்வைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ கார்களில் பூஸ்டர் இடப்பக்கமே தங்கிவிட்டதால் பெடலையும் அதையும் ஒரு குறுக்குத் தண்டால் இணைத்தார்கள். அந்த இணைப்பின் நெகிழ்வால் அந்தக் காரின் பிரேக்குக்குக் கெட்ட பெயர் நெடுங்காலம் நிலைத்தது. சக்கரத்தில் இருந்த பாகங்கள் இடப்பக்கக் காரில் இருந்தவைதான். காலுக்கு நம்பிக்கை வராத பிரேக்கை எவராலும் எல்லைவரை பயன்படுத்த முடியாது.

5. டிஸ்க். துளையிட்ட டிஸ்க் அழகாக இருக்கும்; பழைய பேடுகளின் வாயுவை வெளியேற்ற வந்த உத்தி அது. இன்றைய பேடுகளுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. கடும் வெப்பத்தில் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் தொடங்கும். கோடு வெட்டிய டிஸ்க் பேடின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், பேட் சற்று விரைவாகத் தேயும். இரண்டிலும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தடத்துக்குக் கோடு, சாலைக்கு வெறும் டிஸ்க்.

இரு துண்டு டிஸ்க் வேறு கதை. 340 மி.மீ. வார்ப்பிரும்பு வளையம் 500 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 2 மி.மீ. பெருகும். நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. ஒரே வார்ப்பாக இருந்தால் தட்டு கூம்பு போல வளையும். நடுவில் அலுமினியமும் வெளியே மிதக்கும் இரும்பு வளையமும் வைத்தால் வளையம் தன் போக்கில் விரியலாம், எடையும் குறையும். சிவிக் டைப் ஆர் 2020 மாற்றத்தில் முன்பக்கம் இந்த வகை டிஸ்க்குக்கு மாறியது.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் வளைந்திருப்பதில்லை. சூடான டிஸ்க்கை ஒரே இடத்தில் பேட் கவ்விக்கொண்டிருந்ததால் பேடின் பொருள் திட்டுத் திட்டாகப் படிந்து தடிமன் சீரற்றுப் போயிருக்கும்.

6. பெரிய காலிப்பர், பெரிய டிஸ்க் தொகுப்பு. நல்ல பேடும் ஆயிலும் போட்டபிறகும் வெப்பம் தாங்கவில்லை என்றால் இதற்குரிய நேரம் வந்துவிட்டது. கனமான டிஸ்க் அதிக வெப்பத்தைத் தேக்கும். அகலமான காற்றுவழிகள் அதை விரைவாக வெளியேற்றும். ஆனால் முன்பக்கம் மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 312-க்குப் பதில் 340 போட்டால் பேட் பிடிக்கும் ஆரம் 14 மி.மீ. கூடி, அதே மிதிக்கு முன்திருப்புவிசை 11 சதவீதம் உயரும். பின்பக்கம் அப்படியே இருக்கிறது. முன் டயர் முன்பைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே எல்லையைத் தொடும். அந்த நேரத்தில் பின்பிரேக் தன் பங்கை முழுதாகச் செய்திருக்காது. அவசர மிதியில் ஏபிஎஸ் முன்பக்கத்தைக் கட்டுப்படுத்தியபடி பின்னால் அழுத்தம் ஏற விடுவதால் இழப்பு குறைவு. தடத்தில் எல்லையை ஒட்டி அளந்து மிதிப்பவருக்கு இழப்பு தெளிவாகத் தெரியும், ஏற்கெனவே சூடான முன்பக்கத்துக்குச் சுமையும் கூடும். பிரேக் மாற்றியபின் தூரம் கூடியவர்களின் கதைக்கு விளக்கம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே நல்ல தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி "எத்தனை பிஸ்டன்?" அல்ல. பிஸ்டன் பரப்பு அசலோடு ஒத்துப்போகிறதா என்பதே. பரப்பு மிகவும் கூடினால் மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், பெடல் நீளமாக இறங்கும். ஏபிஎஸ் மென்பொருள் எதிர்பார்க்கும் கன அளவும் மாறிவிடும். பெரிய டிஸ்க்குக்கு ஏற்பப் பிஸ்டனைச் சற்றுச் சிறிதாக்கி விகிதத்தைக் காப்பாற்றும் தயாரிப்பாளரை நம்பலாம். அதே மாடலின் உயர் பதிப்பிலிருந்து முன்பின் பிரேக்கை முழுதாக எடுத்துப் பொருத்துவது அதைவிடவும் பாதுகாப்பானது, ஏனென்றால் விகிதக் கணக்கைத் தொழிற்சாலையே போட்டு முடித்திருக்கிறது.

7. குளிர்விப்பு. சக்கரக் கிண்ணத்துக்குள் காற்றைத் திருப்பும் சிறு தகடு ஒன்று பெரிய டிஸ்க்கின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடும். தட ஓட்டுநர்கள் இதைக் கடைசியில் நினைக்கிறார்கள். மூன்றாவது படியிலேயே நினைக்கலாம்.

பொருத்தும்போதும் பொருத்திய பிறகும்

17 அங்குல ரிம்மின் விட்டம் 432 மி.மீ.தான். அதற்குள் 340 மி.மீ. டிஸ்க்கும் அதைத் தாண்டி நிற்கும் காலிப்பரும் அடங்க வேண்டும். ரிம்மின் கம்பிகளையும் காலிப்பர் உரசக் கூடாது. தயாரிப்பாளர் தரும் அட்டை மாதிரியை ரிம்முக்குள் வைத்துப் பார்க்காமல் தொகுப்பை வாங்க வேண்டாம். பெரிய ரிம்முக்கு மாறித்தான் தீர வேண்டும் என்றால் சுழலும் எடை கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய டிஸ்க்கைத் தொடர்ந்து பயன்படுத்துவதானால் அதன் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளந்து பாருங்கள். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கில் எத்தனை நல்ல பேட் போட்டும் பயனில்லை.

புதிய பேடைப் படிய வைப்பது தவறாமல் செய்ய வேண்டிய வேலை. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் உராய்வு நிலைபெறும். பேட் தயாரிப்பாளரின் குறிப்பே முதன்மை. பொதுவான முறை இது:

1. புறப்படுமுன் நின்ற இடத்தில் பெடலைப் பலமுறை மிதித்து, அது உயர்ந்து உறுதியாக நிற்பதைப் பார்க்கவும். இன்ஜின் ஓடும்போது அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறதா என்றும் பார்க்கவும். இறங்கினால் வண்டியை எடுக்க வேண்டாம். எங்கோ கசிவு இருக்கிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் பழுது.
2. வாகனமில்லாத நேரான சாலையில், பின்னால் யாரும் வராதபோது, மிதமான வேகத்திலிருந்து சில முறை மெதுவாகப் பிடிக்கவும்.
3. பிறகு எட்டு முதல் பத்து முறை வேகமெடுத்து, ஏபிஎஸ் இயங்காத அளவுக்கு அழுத்தமாகப் பிடித்து மணிக்கு 20 கி.மீ. வரை குறைக்கவும். முழுதாக நிறுத்த வேண்டாம்.
4. அடுத்த சில நிமிடங்கள் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டி ஆற விடவும்.
5. ஆறாத பிரேக்கோடு வண்டியை நிறுத்த நேர்ந்தால் பெடலிலிருந்து காலை எடுக்கவும், கைப்பிரேக்கும் போட வேண்டாம். சமதளத்தில் கியரில் விட்டு நிறுத்தவும். தானியங்கி கார் என்றால் பார்க் நிலையில் விடவும்.